துப்பாக்கியின் உதையும் தோளின் அளவும்

துப்பாக்கிக்கு இரண்டு முனைகள் உண்டு. குண்டு புறப்படுகிற முனையைப் பற்றிப் பேசாதவர் இல்லை. சரித்திர ஆசிரியர்கள் பேசுகிறார்கள், சினிமாக்காரர்கள் பேசுகிறார்கள், சட்ட நிபுணர்களும் பேசுகிறார்கள். ஆனால் மற்றொரு முனை, அதாவது சுடுகிறவனின் தோளில் பதிந்திருக்கும் மரக்கட்டை, யாருடைய கவனத்தையும் அதிகமாகக் கவர்ந்ததில்லை. வேட்டு ஒவ்வொன்றுக்கும் அந்த முனையிலும் ஓர் அடி விழுகிறது. அந்த அடி யாருக்கு எவ்வளவு வலிக்கும் என்பது மருந்தின் அளவை மாத்திரம் பொறுத்ததன்று. கட்டையின் வடிவத்தையும், அது தோளில் பொருந்துகிற விதத்தையும் பொறுத்தது.

செங்கற்பட்டு ஜில்லாவில் துப்பாக்கிச் சத்தத்தை எதிர்த்து ஜனங்கள் நியாயம் கேட்ட ஒரு பழைய வழக்கு உண்டு. வேடந்தாங்கல் ஏரியில் வந்து கூடு கட்டும் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டுத் தள்ளினார்கள். கிராமத்தார் பொறுத்துப் பார்த்தார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் தங்கள் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். நேரே கலெக்டர் லயனல் பிளேஸ் துரையிடம் போய் முறையிட்டார்கள். 1798-ஆம் வருஷத்தில் பறவைகளைக் காக்கும் உரிமை அவர்களுக்கு ஒப்புக்கொள்ளப்பட்டது. கும்பினி ஆட்சியில் குடியானவர்கள் கேட்டு, கலெக்டர் கொடுத்த அபூர்வமான காரியங்களில் இது ஒன்று. இன்றும் நாரையும் கூழைக்கடாவும் அங்கே வருகின்றனவென்றால் அதற்கு முதற் காரணம் அந்தக் கிராமத்தாரின் பிடிவாதந்தான்.

அந்தக் காலத்துக் கும்பினிப் பட்டாளங்களின் கையில் இருந்த துப்பாக்கியைப் ‘பிரௌன் பெஸ்’ என்று செல்லமாக அழைப்பார்கள். செல்லப் பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். ஏறக்குறைய 10 ராத்தல் எடை. ஒரு ராத்தல் ஈயத்தில் பதினான்கே குண்டுகள் வார்க்கலாம் என்னும்படி பருமனான குண்டு. கிழக்கிந்தியக் கும்பினியார் தங்கள் சேனைக்கென்று குழலை 39 அங்குலமாகக் குறைத்து ஒரு மாதிரி செய்வித்தார்கள். பிறகு ஆங்கில அரசாங்கச் சேனையே அந்த ‘இந்திய மாதிரி’யை எடுத்துக்கொண்டது. சிக்கனம் எங்கிருந்து வந்தாலும் ஆங்கிலேயர் அதை மறுப்பதில்லை!

துப்பாக்கி ஏன் உதைக்கிறது? இதற்கு விடை காணச் சதுரங்கப்பட்டினத்துக்குப் போகலாம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரையில் டச்சுக்காரர் கட்டிய கோட்டை இருக்கிறது. வாயிலில் பழைய பீரங்கிகள் இருக்கின்றன. இத்தகைய பீரங்கிகளை அக்காலத்தில் சக்கரம் வைத்த மரவண்டியின்மேல் ஏற்றி வைத்திருப்பார்கள். வெடித்தவுடன் குண்டு முன்னே பாயும். பீரங்கி பின்னே உருளும். கப்பல்களில் அது கட்டுக்கு மீறி ஓடி மாலுமிகளை நசுக்கிவிடாதபடி தடித்த வடங்களால் பிணைத்திருப்பார்கள். ஒன்று முன்னே தள்ளப்பட்டால் மற்றொன்று அதே அளவுக்குப் பின்னே தள்ளப்பட்டே தீர வேண்டும் என்பது நியூட்டன் கண்ட நியமம். துப்பாக்கியிலும் அதே கதைதான். ஆனால் இங்கே சக்கரமும் இல்லை, வடமும் இல்லை; இரண்டுக்கும் பதிலாக மனிதனுடைய தோள் இருக்கிறது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கென்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சுருக்கமான கணக்குத்தான். இந்நாளில் நம் நாட்டில் வழங்கும் பன்னிரண்டு துளைத் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். (ராத்தலுக்குப் பன்னிரண்டு குண்டு வார்க்கக்கூடிய அகலமுள்ள குழல் என்பதே அந்தப் பெயருக்குப் பொருள், பன்னிரண்டு துளைகள் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.) அதன் தோட்டாவில் 32 கிராம் ரவை இருக்கிறது, வினாடிக்கு 365 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. ரவையோடு அடைப்பும் வெடிமருந்தின் வாயுவும் சேர்ந்து வெளியேறுகின்றன. இவை எல்லாவற்றுக்கும் ஈடாக 3.2 கிலோ எடையுள்ள துப்பாக்கி, வினாடிக்குச் சுமார் 4.4 மீட்டர் வேகத்தில் பின்னோக்கிப் பாய்கிறது. அந்தப் பாய்ச்சலின் சக்தி ஏறக்குறைய 30 ஜூல். மூன்று படி அல்ல, மூன்று லிட்டர் தண்ணீர் கொண்ட ஒரு பாத்திரத்தை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தோளில் போட்டால் என்ன சக்தியோடு விழுமோ, அதே சக்தி.

அதே தோட்டாவை 4 கிலோ எடையுள்ள துப்பாக்கியில் போட்டுச் சுட்டால் சக்தி 25 ஜூலுக்குச் சற்றுக் குறைந்துவிடுகிறது. கனமான துப்பாக்கி குறைவாக உதைக்கும் என்பது இதனால் விளங்கும். கிரீனர் என்னும் இங்கிலீஷ் துப்பாக்கித் தொழிலாளி, ரவையின் எடையைப் போல் 96 மடங்கு துப்பாக்கியின் எடை இருக்க வேண்டும் என்று ஒரு விதி சொன்னார். 32 கிராமுக்கு ஏறக்குறைய 3.1 கிலோ வருகிறது. விதி நல்ல விதிதான். ஆனால் கனமாக இருக்க இருக்கத் தூக்கி நடப்பவனுக்கு முதுகு ஒடியும் என்பதை அந்த 96 சொல்லவில்லை.

இதுவரை சொன்னது தராசுக்கும் கணக்குக்கும் அகப்படுகிற உதை. ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா. ஒருவன் சுட்டுவிட்டுச் சிரிக்கிறான், மற்றொருவன் தோளைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். சக்தி இருவருக்கும் ஒன்றே. உணர்கிற உதை வேறு. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் கட்டையில் இருக்கிறது.

முதலாவது, அடிக்கட்டையின் அகலம். அகலமான பரப்பில் விழும் தள்ளு பரவிவிடுகிறது. குறுகிய பரப்பில் விழுந்தால் குத்துகிறது. நம் நாட்டுப் பழைய திரித் துப்பாக்கிகளைப் பொருட்காட்சிச் சாலைகளில் பார்த்தவர்கள், அவற்றின் கட்டை தடி போல நேராகவும் மெலிந்தும் இருப்பதைக் கவனித்திருக்கலாம். அழகிலும் வேலைப்பாட்டிலும் அவற்றுக்கு நிகர் இல்லை. ஆனால் பெரிய மருந்து போட்டு அந்த மெல்லிய நுனியைத் தோளில் வைத்துச் சுட எனக்குத் தைரியம் இல்லை. அமெரிக்காவில் பிறைச்சந்திரன் போலக் குழிவாகப் பித்தளைத் தகடு அடித்த அடிக்கட்டைகள் ஒரு காலத்தில் நாகரிகமாயிருந்தன. சிறு மருந்துக்கு அவை பாதகமில்லை. மருந்து பெருத்தபோது பிறையின் இரு கொம்புகளும் தோளில் வேலையைக் காட்டின.

இரண்டாவது, அடி எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பது. பந்தைப் பிடிக்கிறவன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வதை நாம் பார்க்கிறோம். அந்த 30 ஜூல் இரண்டு சென்டிமீட்டருக்குள் நின்றுவிட வேண்டுமானால் சராசரி 150 கிலோ பாரம் அழுத்துவதற்குச் சமம். நான்கு சென்டிமீட்டர் கிடைத்தால் 75 கிலோ போதும். ரப்பர் மெத்தை வைத்த அடிக்கட்டையின் ரகசியம் இவ்வளவுதான். உதையை அது குறைப்பதில்லை; உதைக்கு அவகாசம் கொடுக்கிறது.

மூன்றாவது விஷயந்தான் எல்லாவற்றிலும் சுவையானது. கட்டை ஏன் வளைந்திருக்கிறது? குழலின் நேர்க்கோட்டிலேயே கட்டையும் நீண்டிருந்தால் உதை நேராகத் தோளுக்கு வரும், துப்பாக்கி துள்ளாது. ஆனால் கண் தோளுக்கு மேலே அல்லவா இருக்கிறது! குழலின்மேல் பார்வையைச் செலுத்த வேண்டுமானால் தலையை முறித்துக் குனிய வேண்டியிருக்கும். இதற்காகவே ஐரோப்பியத் தொழிலாளிகள் கட்டையைக் கீழ்நோக்கி வளைத்தார்கள். கழுத்துக்குச் சௌகரியம் கிடைத்தது. ஆனால் வேறொரு சங்கடமும் கூடவே வந்தது. வெடிவிசை மேலே குழலின் வழியாகத் தள்ளுகிறது. தோள் கீழே தடுக்கிறது. மேலே தள்ளும், கீழே தடுத்தால் பொருள் சுழலத்தானே செய்யும்? வாய்ப்புறம் எழும்புகிறது; கட்டையின் மேல்விளிம்பு கன்னத்தில் வந்து மோதுகிறது. வளைவு அதிகமான துப்பாக்கியைச் சுட்டவர்களுக்குத் தோளைவிடக் கன்னமே அதிகமாக நினைவிருக்கும்.

நம் நாட்டுச் சேனைக்காக இந்தியாவிலேயே வகுக்கப்பட்ட இன்ஸாஸ் துப்பாக்கியைப் பார்த்தால் இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்திருக்கிறார்கள் என்று தெரியும். கட்டையை ஏறக்குறையக் குழலின் நேரில் வைத்து, குறிபார்க்கும் உறுப்புக்களை உயரத் தூக்கிவிட்டார்கள். தலை நிமிர்ந்திருக்கிறது, உதை நேரே வருகிறது. தவிர, அதன் 5.56 மில்லிமீட்டர் குண்டு நான்கு கிராம் அளவே. பழைய .303 துப்பாக்கியின் குண்டோ 11 கிராமுக்கு மேல். வேகம் வினாடிக்கு 744 மீட்டர். அந்த .303 நம்முடைய போலீஸ் படைகளில் வெகுகாலம் குடியிருந்தது. வங்காளத்து இஷாபூர் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டது. பித்தளைத் தகடு பொருத்திய அதன் அடிக்கட்டையைத் தோளில் ஏற்ற பழைய போலீஸ்காரர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

ஆனால் அந்த .303 விஷயத்தில் ஒரு நியாயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் அடிக்கட்டையை ஒரே அளவில் செய்யவில்லை. சாதாரண அளவு ஒன்று. அதைவிட அரை அங்குலம் நீண்டது ஒன்று. அரை அங்குலம் குட்டையானது ஒன்று. அதனினும் குட்டையாக மற்றொன்று. கட்டையிலேயே எழுத்துப் பொறித்திருப்பார்கள். செருப்புக்கு அளவு இருப்பது போலத் துப்பாக்கிக்கும் அளவு உண்டு என்பதை அதைச் செய்தவர்கள் அறிந்திருந்தார்கள். கட்டையைத் தேர்ந்து கொடுக்கவேண்டிய கிட்டங்கிக்காரருக்குப் பொறுமை இருந்ததா என்பது வேறு விஷயம்.

அளவு தப்பினால் என்ன ஆகும்? கட்டை நீளமாயிருந்தால் தோளுக்குக் கொண்டுவரும்போது அக்குளில் சட்டை மாட்டிக்கொள்ளும். அவசரத்தில் அடிக்கட்டை தோளின் குழியில் உட்காராமல் புயத்தின் சதையில் போய் உட்காரும். உடம்பு முன்னே சாய முடியாமல் பின்னே வளையும். வேட்டு விழுந்ததும் ஆள் தள்ளாடுவான். புயத்தில் நீலம் பாரிக்கும். குட்டையாயிருந்தாலோ, கட்டையைப் பிடித்த கையின் கட்டைவிரல் மூக்குக்கு அருகில் வந்துவிடுகிறது. அப்புறம் உதை வாங்குவது மூக்கு. அடிக்கட்டை வெட்டப்பட்டிருக்கும் சாய்வும் இதைப் போலவே முக்கியமானது. கீழ்நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தள்ளு முழுதும் அந்த நுனி வழியாக மார்பில் குத்தும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இதனால் உண்டாகும் வேதனை அதிகம். கீழ்நுனியைச் சிறிது வெளிப்புறமாகத் திருப்பி, சாய்வை மாற்றி வெட்டினால் அந்த வேதனை பெரும்பாலும் நீங்கிவிடும். வலக்கைக்காரனுக்குக் கட்டையைச் சற்று வலப்புறமாக ஒசித்துச் செய்வதும் வழக்கம். கண் குழலின் நேருக்குத் தானாகவே வந்துவிடும். அதே துப்பாக்கியை இடக்கைக்காரன் எடுத்தால், ஒவ்வொரு வேட்டுக்கும் அவன் கன்னத்துக்கு ஓர் அறை நிச்சயம்.

இவ்வளவு சின்ன விஷயத்தை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்று நேயர்கள் கேட்கலாம். வலி மாத்திரமே விஷயமானால் நீட்டியிருக்க மாட்டேன். வலிக்குப் பின்னால் பயம் வருகிறது. ஒருமுறை நன்றாக உதை வாங்கியவன் அடுத்த முறை விசையை அழுத்துவதற்கு முன்பே கண்ணை மூடுகிறான்; தோளைச் சுருக்குகிறான்; குண்டு எங்கேயோ போகிறது. பக்கத்தில் நிற்கிற உபாத்தியாயர் “இவனுக்கு வராது” என்று எழுதிவிடுகிறார். அவள் பெண்ணாயிருந்தால் எழுதும் வேகம் இன்னும் அதிகம். கட்டை ஓர் அங்குலம் நீளம் என்று எழுதுவதற்கு யாருக்கும் தோன்றுவதில்லை.

கருவியை விட்டுவிட்டு மனிதனைக் குறை கூறும் இந்த வழக்கம் நம் மாகாணத்துக்குப் புதிதன்று. 1752-ல் கிளைவ் செங்கற்பட்டுக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்தபோதும், அதற்குப் பின் எத்தனையோ யுத்தங்களிலும் கும்பினியின் கொடியைத் தூக்கி நின்றவர்கள் சென்னைச் சிப்பாய்கள். சாம்ராஜ்யம் நிலைத்த பிற்பாடு, 1881 முதல் 1885 வரையில் சென்னைச் சேனைக்குத் தலைவராயிருந்த ராபர்ட்ஸ் துரை, தென்னாட்டார் போருக்கு லாயக்கற்றவர்கள் என்னும் அபிப்பிராயத்தை ஊர்ஜிதப்படுத்தினார். ‘வீர ஜாதி’ என்று சில ஜாதிகளுக்கு முத்திரை விழுந்தது; தமிழருக்கும் தெலுங்கருக்கும் பட்டாளத்தில் இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. இரண்டாம் உலக யுத்தம் வந்து ஆள் பற்றாக்குறை ஏற்பட்ட பிறகே சென்னை ரெஜிமெண்டு மறுபடியும் உயிர் பெற்றது. துப்பாக்கிக் கட்டையால் இது நேர்ந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தோளை அளந்து பாராமல் தோளுக்கு உரியவனை எடைபோட்டுவிடும் புத்தி இரண்டிலும் ஒன்றே.

இதற்கிடையே 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் வந்து, உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. ஐரோப்பியருக்கு விலக்கு உண்டு, குடகு நாட்டாருக்கும் விலக்கு உண்டு, நமக்கு இல்லை. இந்த அவமானத்தைத் தேசத் தலைவர்கள் மறக்கவில்லை. 1931-ல் கராச்சிக் காங்கிரஸில் நிறைவேறிய பிரஜா உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் ஒன்றாக இடம் பெற்றது. சுதந்திர இந்தியாவில் பழைய சட்டம் போய் 1959-ஆம் வருஷத்துச் சட்டம் வந்தது. உரிமம் இன்றும் வேண்டும். ஆனால் தோல் நிறத்தைப் பார்த்துக் கொடுப்பதில்லை. பயிரைக் காப்பதற்கு வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் அளிப்பதற்கும் அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

நாட்டுத் துப்பாக்கி என்றதும் நரிக்குறவர்களின் ஞாபகம் வருகிறது. மாமல்லபுரத்துக்கு அருகே பூஞ்சேரியில் அவர்களுடைய குடியிருப்பு இருக்கிறது. மெலிந்த கட்டை வைத்த நீண்ட குழல் துப்பாக்கியை அவர்கள் தலைமுறை தலைமுறையாக ஏந்தியவர்கள். 1972-ல் வந்த வனவிலங்குச் சட்டம் அந்தப் பிழைப்பை நிறுத்திவிட்டது. அவர்கள் மணிமாலை கோத்து விற்கிறார்கள். பறவைக்குச் சிறு ரவையும் கொஞ்சம் மருந்தும் போதுமாகையால், அந்த மெலிந்த கட்டை அவர்கள் தோளுக்கு ஏற்றதாகவே இருந்திருக்க வேண்டும். அதே கட்டைக்கு இரண்டு மடங்கு மருந்தைக் கெட்டித்தால் தோள் மாத்திரமன்று, குழலும் பொறுக்காது.

மாமல்லபுரத்துக்கு வந்த பிறகு மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தைப் பாராமல் போகலாகாது. சிங்கத்தின்மேல் அமர்ந்து எட்டுக் கைகளோடு வில்லேந்தி வருகிறாள் தேவி. எருமைத் தலை அசுரன் கதையை வைத்துக்கொண்டு பின்வாங்குகிறான். அவனுடைய உடம்பு பெரிது. அவளுடைய உடம்பு மெல்லியது. ஆனால் அவள் கையிலுள்ள வில் அவளுக்கு அளவாக இருக்கிறது. அசுரனுக்குச் செய்த வில்லைத் தேவியின் கையில் பல்லவச் சிற்பி கொடுத்துவிடவில்லை! தமிழ்நாட்டுப் போலீஸில் 1973-ல் பெண்கள் சேர்ந்தார்கள். வண்டலூருக்கு அருகே ஊனமாஞ்சேரியில் போலீஸ் பயிற்சிக் கழகம் இருக்கிறது. ஒத்திவாக்கத்தில் கமாண்டோப் படையின் சுடுதளம் இருக்கிறது. அசுரனுக்குச் செய்த வில்லை அங்கே எந்தப் பெண்ணின் கையிலும் கொடுக்காமலிருக்க வேண்டும். இந்நாளில் நீட்டவும் குறுக்கவும் கூடிய கட்டைகள் வந்துவிட்டபடியால் அதற்குச் சாக்குச் சொல்ல வழியில்லை.

விளையாட்டுக்காரர்கள் இந்த விஷயத்தில் யாருக்கும் பின்வாங்கியவர்கள் அல்லர். பறக்கும் மண்தட்டைச் சுடும் போட்டியில் 2024-ஆம் வருஷத்துப் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன புதுக்கோட்டைப் பிருதிவிராஜ் தொண்டைமானைப் போன்றவர்களுக்கு, ஒரு நாளில் நூற்றுக்கணக்கான வேட்டுக்கள் சாதாரணம். ஒலிம்பிக் விதிப்படி ரவை 24 கிராமுக்கு மேல் போவதில்லை. ஆகவே உதை சற்றுக் குறைவு. அப்படியும் அவர்கள் கன்னம் படும் இடத்தை இம்மி இம்மியாக உயர்த்தியும் தாழ்த்தியும், அடிக்கட்டையின் சாய்வைத் திருப்பியும், தங்கள் சரீரத்துக்கென்றே கட்டையை அமைத்துக்கொள்கிறார்கள்.

உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருக்கும் மிராசுதார்களுக்கும் குடியானவர்களுக்கும் சில வார்த்தைகள். அடிக்கட்டை படவேண்டிய இடம், காறை எலும்புக்குக் கீழே, தோள் மூட்டுக்கு உட்புறத்தில், கையை முன்னே நீட்டினால் உண்டாகும் சதைப்பற்றுள்ள குழி. எலும்பின்மேல் பட்டால் வலி பலமடங்கு. உதைக்குமென்று பயந்து துப்பாக்கியைத் தோளிலிருந்து விலக்கிப் பிடிப்பவர்கள் உண்டு. அதைவிடக் கெட்ட யோசனை வேறில்லை. இடைவெளியில் துப்பாக்கி ஓடி வந்து சம்மட்டி போல மோதும். தோளோடு அணைத்துப் பிடித்தால் உடம்பின் எடையும் துப்பாக்கியின் எடையோடு சேர்ந்துகொண்டு அடியை மெல்லிய தள்ளாக்கிவிடும். நின்றுகொண்டு சற்று முன்சாய்ந்து சுடுகிறவனின் உடல் அசைந்து கொடுக்கும். படுத்துச் சுடுகிறவனுக்கு அந்த வசதி இல்லை; ஆகையால் படுத்துச் சுடும்போது அதே துப்பாக்கி அதிகமாக உதைப்பது போலிருக்கும்.

கட்டை பொருந்துகிறதா என்று பார்க்க, தோட்டா இல்லையென்பதை இருமுறை நிச்சயம் செய்துகொண்டு, ஆள் நடமாட்டமில்லாத பக்கம் நோக்கி, கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்த வேண்டும். கண்ணைத் திறக்கும்போது பார்வை குழலின் நேரில் இருந்து, மூக்குக்கும் கட்டைவிரலுக்கும் இரண்டு மூன்று விரற்கடை இடைவெளி இருந்தால் நீளம் ஏறக்குறையச் சரி. முழங்கையின் மடிப்பில் அடிக்கட்டையை வைத்து, விசைக்கு விரல் எட்டுகிறதா என்று பார்க்கும் பழைய முறை அவசரத்துக்கு உதவும். அதையே வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். ரப்பர் மெத்தை ஒட்டிக்கொள்ள விரும்புகிறவர்கள் மெத்தையின் கனம் எவ்வளவோ அவ்வளவு மரத்தை முதலில் அறுத்துவிட்டு ஒட்டச் சொல்ல வேண்டும். அறுக்காமல் ஒட்டினால், வலியைக் குறைக்க வாங்கிய மெத்தை கட்டையை ஓர் அங்குலம் நீட்டி, அடியைத் தோளிலிருந்து புயத்துக்கு மாற்றிவிடும்.